கை சுத்தம்

துணிச் சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் இடியே விழுந்தாலும் பாலீஷ்காரனுக்குக் கேட்காது. முகத்தில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு, கால்களை அகட்டி நின்று, அலுமினிய மூடியை இரண்டு கைகளாலும் சக்கரத்தின் அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். அவ்வப்போது பாலீஷ் சோப்புக் கட்டியைச் சக்கரத்தில் தேய்ப்பான். உலோகத்தில் கறுப்பாக ஒரு மெழுகு படியும். மறுபடி அழுத்தினால் அந்தக் கறுப்பு விலகி, அடியிலிருந்து வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் வரும் நொடிக்காகத்தான் இந்தத் தூசியில் கிடக்கிறோம் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பெயிண்டர் வருஷம் முழுக்க அதை வைத்தே ஓட்டுவான்.

மூடியின் உள்பக்கத்தில், ஓரமாக, எள் அளவுக்கு ஒரு குழி இருந்தது. வார்க்கும்போதே காற்று சிக்கி விழுந்த குழி. பிடிக்கும்போதெல்லாம் இடது கைக் கட்டைவிரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்துகொண்டது. பிடிமானத்துக்கு நல்லதாகப் போயிற்று என்று அவனும் விட்டுவிட்டான்.

முதலாளியின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. அவருக்குத் தொழில் வேறு. பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கிப் புதுப்பிப்பது ஆசை. அந்த ஆசைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள். மெக்கானிக், பெயிண்டர், பாலீஷ்காரன். மெக்கானிக் பாலீஷ்காரனின் மனைவிக்கு அண்ணன். அவர் வாய் விட்டுக் கேட்டதால்தான் இவனுக்கு இங்கே வேலை கிடைத்தது.

இப்போது கொட்டகையின் நடுவில் நிற்பது முதலாளியின் அப்பா பிறப்பதற்கு முன்பே ஓடிய வண்டி. எல்லாம் முடிந்துவிட்டது. இன்ஜினின் வலது பக்கத்தை மூடும் மூடி மட்டும் இல்லை. அது இல்லாமல் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் தெரிய, வண்டி பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது போல வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்த வண்டியைச் செய்த கம்பெனியை என்றைக்கோ இழுத்து மூடிவிட்டார்கள். முதலாளி காயலான் கடைகளில் தேடினார், வெளிநாட்டுக்கெல்லாம் எழுதிப் போட்டார், இரண்டு வருஷம் தூக்கம் கெட்டார். கடைசியில் பழைய உதிரி பாகங்களை வாங்கி விற்கும் தரகர் ஒருவர், கட்டம் போட்ட கம்பளித் துண்டில் சுற்றி அந்த மூடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலாளியே அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் தார் போல ஒட்டிக் கிடந்தன.

"பார்த்துப் பண்ணுப்பா. தங்கம் மாதிரி சாமான் இது. சுத்தமா இருக்கணும்" என்றார். அதற்குள் போன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டார்.

சுத்தம் என்றால் பாலீஷ்காரனுக்கு ஒரே அர்த்தம்தான். பாத்திரக் கடைக்காரர் சொன்னாலும் சரி, மாடிப்படிக் கைப்பிடி செய்கிறவர் சொன்னாலும் சரி, சுத்தம் என்றால் உலோகத்தில் ஒரு கீறல், ஒரு புள்ளி, ஒரு நசுங்கல் இருக்கக் கூடாது. பதினாறு வயதில் சக்கரத்தின் முன்னால் நின்ற நாளிலிருந்து அவன் கேட்ட சொல் அது. அழுக்கைச் சுரண்டி எடுத்ததும் ஓரத்தில் சின்னச் சின்னக் கீறலாக ஏதோ தெரிந்தது. எவனோ உளியை வைத்துக் கொத்தியிருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே சொரசொரப்பான எமரித் தாளை இரண்டு தரம் கூடுதலாகப் போட்டுத் தேய்த்தான்.

வேலை முடிந்ததும் சக்கரத்தை நிறுத்திவிட்டு மூடியை மெக்கானிக்கிடம் நீட்டினான்.

"மூஞ்சியைப் பாருங்க மச்சான்."

மெக்கானிக் பார்த்தார். "இவ்வளவு தெளிவா எல்லாம் காட்டாத மாப்ள. எனக்கே பயமா இருக்கு."

பெயிண்டரும் வந்து எட்டிப் பார்த்தான். வழக்கம்போல ஏதாவது சொல்வான் என்று பாலீஷ்காரன் காத்திருந்தான். பெயிண்டர் மூடியின் ஓரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போய்த் தன் பிரஷ்ஷைக் கழுவ ஆரம்பித்தான்.

மறுநாள் காலை முதலாளி தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, மெதுவாக வடிந்தது.

"கிரீடம் எங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"கிரீடம்யா, கிரீடம். கம்பெனி முத்திரை. இந்த ஓரத்துல நகத்தளவுக்கு அடிச்சிருக்கும். அது இருந்தாத்தான் ஒரிஜினல். எங்க அது?"

தரகர் மூடியை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல மேலும் கீழும் ஆட்டினார். பாலீஷ்காரன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், இது நான் குடுத்த சாமான் இல்ல."

"அதேதான் சார்" என்றான் பாலீஷ்காரன். "நீங்க குடுத்ததைத்தான் தேய்ச்சேன்."

"தம்பி, நான் சாமானை மோந்து பார்த்தே சொல்லிடுவேன். என்னோடது கனமா இருந்துச்சு. இது லேசா இருக்கு." தரகர் முதலாளியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற அளவுக்குத்தான் தாழ்த்தினார். "இப்பல்லாம் ஒரிஜினல் கையில கெடைச்சா, அதை மண்ணுல அழுத்தி அச்சு எடுத்து அப்படியே வார்த்துடறானுங்க சார். டூப்ளிகேட் இங்க வந்துடும். ஒரிஜினல் வேற வழியில போயிடும்."

முதலாளி மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"ஒரு தடவை குடுங்க சார்" என்று பாலீஷ்காரன் கையை நீட்டினான். "பிடிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடும்."

"தொட்டது போதும்." முதலாளி மூடியைக் கம்பளித் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "யாரு எடுத்தீங்களோ, கொண்டாந்து அதே எடத்துல வெச்சிடுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

அன்று சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் மூன்று பேரையும் நிறுத்தினான். நேற்றுவரை இவர்களிடம் தீப்பெட்டி இரவல் வாங்கியவன்.

"டப்பாவைத் தெறங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க, உத்தரவு."

மெக்கானிக் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினார். காய்ந்த சோற்றுப் பருக்கை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் அதற்குள்ளும் குனிந்து பார்த்தான். அந்த டப்பாவுக்குள் மூடியின் கால் பங்குகூட நுழையாது என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தான்.

அதன் பிறகு கொட்டகையில் பேச்சே நின்றுபோயிற்று. மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மெக்கானிக் தன் ஸ்பானர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்; யாருக்காகப் போட்டார் என்று மற்ற இரண்டு பேரும் தனித்தனியாக யோசித்தார்கள். ஒருவன் குனிந்தால் மற்றவன் எதற்குக் குனிகிறான் என்று பார்த்தான்.

பாலீஷ்காரனுக்குச் சக்கரத்தின் முன்னால் நின்றாலும் மனசு நிற்கவில்லை. தான் எடுக்கவில்லை. மச்சான் எடுத்திருக்க மாட்டார். எடுத்தால் தங்கை குடும்பம்தான் தெருவில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் இவனும் மச்சானும் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். மூடி, அழுக்கைப் பாதி சுரண்டிய நிலையில் மேஜையில் கிடந்தது. பெட்ரோல் டேங்க்கில் பெயிண்ட் காய்கிறது, தூசி விழுந்துவிடும், நான் வரவில்லை என்று சொல்லிப் பெயிண்டர் மட்டும் உள்ளேயே இருந்தான். தேய்த்து முடித்ததும் மூடியின் ஓரத்தையே அப்படிப் பார்த்தானே, எதற்கு? நினைக்க நினைக்க எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திக்கொண்டே போயிற்று.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதைதான். செய்தி மெக்கானிக்கின் மனைவி வழியாக அவனுக்கு முன்பே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. அவன் மனைவி தையல் மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"பாப்பாவுக்கு வாங்கிட்டு வந்தீங்களே செருப்பு, அதுக்குப் பணம் ஏது?"

"எதுத்த வீட்டு டீச்சரம்மாவோட பித்தளை விளக்கு, குடம் எல்லாம் தேய்ச்சுக் குடுத்தேன்ல."

"எனக்குத் தெரியாதே."

"உனக்குத் தெரியாம ஒரு செருப்பு வாங்கக் கூடாதா?"

மெஷின் நின்றது. "இத பாருங்க, எடுத்திருந்தாச் சொல்லிடுங்க. அண்ணன் காலைப் பிடிச்சாவது சரி பண்ணிடலாம். எங்க அண்ணன் பேரைச் சொல்லி உள்ள போன வேலை அது."

அவன் பின்பக்கம் போய்க் கையைக் கழுவினான். சோப்புப் போட்டுத் தேய்த்தான், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எப்போதும்போலப் போகவில்லை. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள் இப்படிக் கேட்டுவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. திரும்பி வந்தபோது மகளின் புதுச் செருப்பு அதன் அட்டைப் பெட்டிக்குள் போய், பெட்டி அலமாரியின் மேல் ஏறியிருந்தது.

"அது அங்கயே இருக்கட்டும். ஒரு முடிவு தெரியற வரைக்கும் அவ போட வேணாம்" என்றாள்.

அந்த வார்த்தைதான் அவனை உசுப்பிவிட்டது. மறுநாள் வேலை விட்டதும் பெயிண்டருக்குப் பின்னாலேயே போனான். பெயிண்டர் வழக்கமான கேட்டு வழியாக வெளியே வந்து, டப்பாவைக் காட்டிவிட்டு, கொட்டகையின் பின்சுவரை ஒட்டிய சந்துக்குள் திரும்பினான். சுவரின் மேலிருந்து கயிற்றில் தொங்கிய ஒரு பையை அவிழ்த்தான். பை கனமாக இருந்தது. பாலீஷ்காரனுக்கு வந்தது அகப்பட்டான் என்ற சந்தோஷமா, இவனா என்ற துக்கமா என்று சொல்ல முடியவில்லை. ஓடிப் போய்ப் பையைப் பிடித்து இழுத்தான்.

"விடுப்பா!"

"காட்டு. உள்ள என்னன்னு காட்டு."

இரண்டு பேரும் இழுத்ததில் பை கிழிந்தது. உள்ளேயிருந்து ஒரு பழைய பால்பவுடர் டின் விழுந்து உருண்டு, மூடி கழன்று, கரும்பச்சைப் பெயிண்ட் சந்து முழுக்க வழிந்தது. வண்டியின் டேங்க்குக்கு அடித்ததுபோக மிஞ்சிய பெயிண்ட்.

பெயிண்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு டின்னை நிமிர்த்தி, அடியில் ஒட்டியிருந்ததை மட்டும் காப்பாற்றி மூடினான்.

"என் தங்கச்சி தள்ளுவண்டிக்கு அடிக்கலாம்னு எடுத்தேன். துருப் பிடிச்சுக் கெடக்கு. கீழ ஊத்தற பெயிண்ட்டுதானேன்னு எடுத்தேன். போ, இதையும் போய்ச் சொல்லு. திருடன் கெடைச்சுட்டான்னு சொல்லு."

"நான் அதுக்கு வரலப்பா…"

"தெரியும் நீ எதுக்கு வந்தேன்னு." பெயிண்டர் டின்னின் மூடியை உள்ளங்கையால் அடித்து இறுக்கினான். "மூடியை நான் மாத்திட்டேன்னு நெனச்சே. அந்தக் கிரீடம் எங்க போச்சுன்னு உன் சக்கரத்துகிட்டப் போய்க் கேளு. நீ எமரி போடறதுக்கு முந்தி அது அங்க இருந்துச்சு. மேஜையில கெடந்தப்ப நான் துடைச்சுப் பார்த்தேன். சாயங்காலம் பார்த்தா இல்ல."

பாலீஷ்காரனுக்கு எவனோ உளியால் கொத்தியதாக நினைத்துத் திட்டிக்கொண்டே தேய்த்த அந்தக் கீறல்கள் கண் முன்னால் வந்தன. எமரித் தாளை இரண்டு தரம் கூடுதலாகப் போட்டது கையில் வந்தது.

"பார்த்தவன் அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே!"

"என்னன்னு சொல்றது? திருட்டுன்னா மூணு பேர்ல யாரோ ஒருத்தன். அழிச்சதுன்னா நீ ஒருத்தன்தான். அதான் வாயைப் பொத்திக்கிட்டேன்." பெயிண்டர் டின்னைத் தூக்கிக்கொண்டான். "எனக்கு நல்லா வேணும்."

பாலீஷ்காரன் நேராக மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வாயைத் தெறக்காத மாப்ள. நாலு நாள் போனா அவரே ஆறிடுவாரு."

"திருடன்னு பேரு நிக்குதே மச்சான். உங்க தங்கச்சியே என்னைக் கேக்கறா. அழிச்சுட்டேன்னு சொன்னா முட்டாள்னுதானே திட்டுவாரு. திட்டட்டும்."

காலையில் முதலாளியின் அறைக்குப் போனான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றான். உள்ளே தரகர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூடி மேஜையின் மேல், காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்தது போல, ஒரு கட்டின் மேல் கிடந்தது. வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை அவன் ஒரே மூச்சில் சொன்னான்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை நாள் வாயில என்ன வெச்சிருந்த?"

"எனக்கே தெரியாது சார். நேத்துதான் தெரிஞ்சுது."

"உன் கையால அழிச்சது உனக்கே தெரியாது. யாருக்குக் காது குத்துற?"

"சுத்தமா இருக்கணும்னு நீங்க சொன்னீங்க சார்."

"சுத்தம்னா மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிறதுய்யா. முத்திரையைச் செதுக்கி எடுக்கிறதா சுத்தம்?"

பாலீஷ்காரனிடம் இருந்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான். "உள்பக்கம் பாருங்க சார். ஓரத்துல எள்ளு மாதிரி ஒரு குழி இருக்கும். தேய்க்க ஆரம்பிக்கறப்பவே இருந்துச்சு. கட்டைவிரல் வெச்சே பிடிச்சேன். அது இருந்தா அதே சாமான்தான்."

முதலாளி மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். குழி இருந்தது. அவர் புருவம் சற்று உயர்ந்தது. பாலீஷ்காரனுக்கு மூச்சு வந்தது.

தரகர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இருக்கத்தான் சார் செய்யும். தேய்ச்சவன் அவன்தானே. தேய்ச்ச சாமான்ல குழி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாமப் போகுமா? இது டூப்ளிகேட்டாவே இருந்தாலும் இதைத்தானே சொல்லுவான்?"

அது நியாயமாகத்தான் இருந்தது. பாலீஷ்காரனுக்கே ஒரு நொடி அது நியாயமாகப் பட்டது. தரகர் கொடுத்த மூடியில் அந்தக் குழி இருந்ததா என்று அவரைத்தானே கேட்க வேண்டும் என்பது கொட்டகைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அதற்குள் முதலாளி சொல்லியிருந்தார். "கை சுத்தமில்லாத ஆளை நான் வெச்சுக்க முடியாது. மச்சான் முகத்துக்காக போலீசுக்குப் போகாம விடறேன். கெளம்பு."

தரகர் மூடியை எடுத்துக் கம்பளித் துண்டில் சுற்றினார். "இதை நான் கொண்டுபோய்க் காயலான் கடையில போட்டுடறேன் சார். கண்ணு முன்னால கெடந்தா உங்களுக்குத்தான் மனசு கஷ்டம். ஒரிஜினல் எங்கயாவது தலையைக் காட்டத்தான் செய்யும். நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடறேன்."

"தேடுங்க" என்றார் முதலாளி. "எவ்வளவு ஆனாலும் பரவால்ல."

ஊரின் மறுகோடியில், மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி செய்யும் ஒரு பட்டறையில் பாலீஷ்காரனுக்கு வேலை கிடைத்தது. ஏன் பழைய வேலையை விட்டாய் என்று பட்டறைக்காரர் கேட்டபோது, தூரமாக இருந்தது என்று சொன்னான். மழைக்காலம் போய் வெயில் வந்தது. மகளின் பழைய செருப்பு அறுந்து, தைத்து, மறுபடி அறுந்தது. அலமாரியின் மேல் இருந்த பெட்டியை யாரும் இறக்கவில்லை. நடந்ததை அவன் மனைவியிடம் முழுக்கச் சொல்லியிருந்தான். அவள் "சரி" என்றாள். அந்தச் சரி எந்தச் சரி என்று அவனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒரு நாள் பட்டறைக்காரர் சாக்கில் சுற்றிய ஒரு சாமானை அவன் முன்னால் வைத்தார்.

"அவசர வேலை. சாயங்காலம் ஆள் வந்து வாங்கிட்டுப் போயிடுவாரு. நீ எப்பவும் பண்றதுக்குத் தலைகீழ் இது. பளபளப்பைக் கொல்லணும். காஸ்டிக் சோடாத் தண்ணியில போட்டு எடுத்து, எண்ணெய்யும் கரியும் கலந்து தேய்ச்சுடு. பார்க்கிறவனுக்கு நம்ம தாத்தா காலத்துச் சாமான் மாதிரித் தெரியணும்."

சாக்கைப் பிரித்தான். அலுமினிய மூடி. கண்ணாடிபோல மின்னியது. ஓரத்தில் நகத்தளவுக்கு ஒரு கிரீடம், புதிதாக அடித்த கூர்மையோடு. இந்தக் கிரீடத்தை அவன் இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறான். இதற்காகவா என்று பார்த்துக்கொண்டே அதைக் கையில் எடுத்தான். இடது கட்டைவிரல் தானாக உள்பக்கம் போய், அந்தக் குழியில் உட்கார்ந்தது.

அவன் விரலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான்.

"என்ன, நேரம் பார்க்கிறியா?" என்றார் பட்டறைக்காரர்.

முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் பழைய கதை முழுக்கச் சொல்ல வேண்டும். சோடாத் தண்ணீர் இருந்த தொட்டியில் மூடியை மெதுவாக இறக்கினான். நுரை பொங்கி எழுந்தது. அவன் கொண்டுவந்த வெளிச்சம் அவன் கண் முன்னாலேயே சாம்பல் பூத்து, கறுத்து, செத்தது. கண்ணில் நீர் வந்தது. சோடாப் புகை என்று புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் சாமானை வாங்க வந்தவர் தரகர்தான். பாலீஷ்காரனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு சிரித்தார்.

"அட, நீயா? நல்ல கை உனக்கு. எனக்கே அடையாளம் தெரியல."

"எனக்குத் தெரியுது" என்றான் பாலீஷ்காரன்.

தரகர் கக்கத்தில் இருந்த கட்டம் போட்ட கம்பளித் துண்டை விரித்து, மூடியைப் பக்குவமாகச் சுற்றினார். பட்டறைக்காரர் கல்லாப் பக்கம் போகும்வரை காத்திருந்தார்.

"ஏம்ப்பா, நீ முன்னால இருந்த எடத்தை விட்டு ஏன் வந்தேன்னு இவருகிட்டச் சொல்லியிருக்கியா?"

பாலீஷ்காரனின் கண் கல்லாப் பக்கம் போய் வந்தது.

"நானும் சொல்லல. நல்ல மனுஷன் இவரு, எதுக்கு வீணா அவருக்கு ஒரு சந்தேகம்?" என்றார் தரகர். பிறகு உரக்க, "அண்ணே, ஒரு டீ சொல்லுங்க, குடிச்சுட்டே கெளம்பறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த டீ வருவதற்குள் பாலீஷ்காரன் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தான். டப்பா ஹேண்டில்பாரில் கிடந்து ஆடியது. ஊரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மிதித்தான். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சொல்ல வேண்டியதை இந்த முறையும் ஒத்திகை பார்த்தான். மூடியைத் திருப்புங்க சார், முத்திரையைப் பார்க்காதீங்க, உள்பக்கம் பாருங்க. அதே குழி சார். அதே சாமான் சார். நீங்க தொட்ட குழிதான் சார்.

கேட்டில் வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினான். "உன்னை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவுண்ணே."

"ஒரே ஒரு வார்த்தை. முதலாளிகிட்டச் சொல்லிட்டுப் போயிடறேன்."

"என் வேலை போயிடும்ணே."

வேலை விடும் நேரம். மெக்கானிக்கும் பெயிண்டரும் டப்பாக்களோடு உள்ளிருந்து வந்தார்கள். பாலீஷ்காரன் கேட்டுக் கம்பிக்கு வெளியே நின்றபடி மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தான். மூடி, கிரீடம், குழி, சோடா, எல்லாம்.

மெக்கானிக் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஒரிஜினல் கெடைச்சுடுச்சு, நாளைக்கு மாட்டணும்னு காலையிலேயே சொன்னாரு. குழந்தை மாதிரிக் குதிக்கிறாரு மனுஷன்."

"அதான் மச்சான் சொல்றேன். அது அதே மூடி. நீங்க போய்ச் சொல்லுங்க. அது என் கையாலதான் இப்பப் பழசாச்சுன்னு சொல்லுங்க."

"சொல்றேன். அப்புறம்?" மெக்கானிக்கின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "அப்ப டூப்ளிகேட் பண்ற பட்டறையிலதான் உன் மாப்ள இருக்கான், அன்னிக்கே எனக்குத் தெரியும்னு சொல்லுவாரு. இல்லன்னு எதை வெச்சு நிரூபிப்ப?"

பாலீஷ்காரன் தன் கைகளைப் பார்த்தான். கரியும் எண்ணெய்யும் மணிக்கட்டுவரை அப்பியிருந்தன. சோடா பட்ட இடத்தில் தோல் வெளிறி உரிந்திருந்தது.

பெயிண்டர் முதல் முறையாக வாயைத் திறந்தான். "சைக்கிளை ஓரமாப் போடுப்பா. வண்டி வருது."

தரகரின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் ஓடிப் போய்க் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து சல்யூட் வைத்தான். கார் நிற்கவில்லை. பின் இருக்கையில் கட்டம் போட்ட கம்பளிப் பொட்டலம் ஒரு தலையணையின் மேல் இருந்தது. வீட்டு வாசலில் முதலாளியே இறங்கி வந்து நின்றார். பொட்டலத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, ஒரு முனையை விலக்கி, கிரீடத்தைக் கட்டைவிரலால் தடவினார். தரகரின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார்.

வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பினான். "டப்பாவைத் தெறங்கண்ணே" என்றான்.

மெக்கானிக் திறந்து காட்டினார். பெயிண்டர் திறந்து காட்டினான். மூன்றாவதாக இன்னொரு டப்பா கம்பிக்கு வெளியிலிருந்து நீண்டது. பாலீஷ்காரன் அதைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்படி வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

அவனை யாரும் கேட்கவில்லை. வாட்ச்மேன் பழக்கத்தில் அதற்குள்ளும் குனிந்து பார்த்தான்.